குறிப்பேட்டில் பொய் எண்கள் எழுதும் மகள்

கேள்வி (தென்காசி, எட்டு வயதுச் சிறுமியின் தாய்)

வணக்கம். என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. நாளுக்கு நான்கு முறை இன்சுலின், ஐந்தாறு முறை விரல்நுனியில் குத்திப் பரிசோதனை என்று எதற்கும் அழாத குழந்தை, மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் உறங்குவதில்லை. காரணம் சென்ற வாரம்தான் தெரிந்தது. மாலைப் பரிசோதனையை அவளே செய்து எழுதுவாள்; குறிப்பேட்டில் 130, 140 என்று இருந்த நாட்களில் குளுக்கோமீட்டரின் நினைவகத்தில் 280, 310 என்று இருந்தன. கேட்டபோது, "எண் பெரிதாக இருந்தால் டாக்டர் உன்னைத் திட்டுகிறாரே அம்மா" என்றாள். தொடக்கத்தில் குறைந்த இன்சுலினிலேயே கட்டுக்குள் இருந்த சர்க்கரை இப்போது ஏன் ஏறுகிறது என்பதும் புரியவில்லை.

பதில் 1 (மதுரை, பதினைந்து வயது மகனின் தந்தை)

சர்க்கரை ஏறுவதற்கு உங்கள் சமையலைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். சிகிச்சை தொடங்கியதும் கணையத்தில் எஞ்சியிருக்கும் செல்கள் சில மாதங்கள் ஓரளவு இன்சுலினைச் சுரக்கும். இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள் (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்). அது முடிந்ததும் தேவை கூடும். ஆனால் குறிப்பேட்டில் 130 என்று இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டமாட்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் 9 சதவீதம் என்று வந்தால், சர்க்கரை சராசரியாக 210ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். அப்போது எப்படியும் உண்மை வெளிவந்துவிடும்.

பதில் 2 (கோயம்புத்தூர், ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் எடுப்பவள்)

அம்மா, நானும் இதையேதான் செய்தேன். என்னை மாற்றியவர் ஒரு செவிலியர். 290 என்ற எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல், "இதற்கு முன் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். பள்ளி விழாவில் தந்த சர்க்கரைப் பொங்கல் என்றேன். அடுத்த முறை அதற்கு எவ்வளவு இன்சுலின் வேண்டும் என்று கணக்கிடக் கற்றுத்தந்தார். வீட்டிலும் "நல்ல எண்", "கெட்ட எண்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் மகள் இல்லாதபோது ஒருமுறை தனியே பேசுங்கள். அதன் பிறகும் அவர் திட்டினால் வேறு மருத்துவரைத் தேடுவதில் தவறில்லை.

பதில் 3 (தஞ்சாவூர், இரு குழந்தைகளின் தாய்)

மருத்துவரை மாற்றும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கத்தில் குழந்தைகளின் நீரிழிவைப் பார்ப்பவர் கிடைப்பதே அரிது. எட்டு வயதில் குறிப்பேட்டின் பொறுப்பை அவளிடம் விட்டதுதான் அதிகம். எழுதுவதை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஊசி போடும் இடங்களையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுவந்தால் தோலுக்கடியில் கொழுப்புத் தடிப்பு உண்டாகி, அங்கே செலுத்தும் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வலத்தொடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு தடிப்பு இருக்கிறது. அங்கே வலிப்பதில்லை என்று அவளே விரும்பிக் காட்டும் இடம் அது. வியாழக்கிழமை குறிப்பேட்டுடன் குளுக்கோமீட்டரையும் எடுத்துச் செல்கிறோம்.