முதியவர்களில் கார்டிசால்: ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு ஏன், அதை எப்படி அளப்பது?

கேள்வி: மாதிரிக்குழாய்

65 வயதைத் தாண்டியவர்களில் கார்டிசால் (அட்ரினல் சுரப்பி சுரக்கும் மன அழுத்த ஹார்மோன்) ஒழுங்குமுறை ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஓர் ஆய்வுத் திட்டம் தயாராகிறது. இப்போதைய வரைவு எளிமையானது: காலை 8 மணிக்கு ஒரு ரத்த மாதிரி, கூடவே கடந்த ஒரு மாத மன அழுத்தத்தைக் கேட்கும் கேள்வித்தாள்.

முன்னோட்டத் தரவில் 65–70 வயதுக் குழுவுக்கும் 80ஐத் தாண்டிய குழுவுக்கும் சராசரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிதறல் மிக அதிகம். கேள்வித்தாள் மதிப்பெண்ணோடும் ஒட்டவில்லை. மூன்று சந்தேகங்கள்:

1. இந்தச் சிதறல் உண்மையான தனிநபர் வேறுபாடா, அளவீட்டுக் கோளாறா?
2. ரத்தமா, உமிழ்நீரா? ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி, எத்தனை நாள்?
3. எந்த மருந்து சாப்பிடுபவர்களை விலக்குவது? எல்லாரையும் விலக்கினால் இந்த வயதில் ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

பதில் 1: பின்னூட்ட_வளையம்

இரண்டும் கலந்திருக்கும். ஆனால் நீங்கள் பார்க்கும் நேரமே சரியில்லை. வயதாக ஆகக் கார்டிசால் மாறுவது முக்கியமாக இரவுப் பள்ளத்தில், காலை உச்சியில் அல்ல. 1996இல் வெளியான 24 மணி நேர ரத்த அளவீட்டுத் தொகுப்பு ஒன்றில் 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையே நாள் சராசரி 20 முதல் 50% வரை கூடியிருந்தது. மாலை, இரவு நேரத்துக் குறைந்தபட்ச அளவு ஆண் பெண் இருவரிலும் ஏறியது. காலை உச்சி பெண்களில் மட்டும்தான் கூடியது. ஆகவே காலை 8 மணி மாதிரியில் வயது வித்தியாசம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இன்னொன்று, கடிகாரத்தின் 8 மணி எல்லாருடைய உடம்புக்கும் ஒரே நேரம் அல்ல. 4 மணிக்கே விழித்துவிட்டவருக்கு 8 மணி என்பது சரிவின் நடுப்பகுதி. 7.30க்கு எழுந்தவருக்கோ அது விழித்தபின் வரும் ஏற்றத்தின் உச்சம். வயதோடு தூக்க நேரம் முன்னே நகர்வதால் இந்தக் குழப்பம் 80ஐத் தாண்டியவர்களிடம் இன்னும் கூடும். விழித்ததிலிருந்து எத்தனை நிமிடம் என்பதைத்தான் நேரக்கணக்காக எடுக்க வேண்டும்.

அடுத்து, ரத்தத்தில் வழக்கமாக அளப்பது மொத்தக் கார்டிசால். அதில் 90%க்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கிடப்பது. திசுக்களில் வேலை செய்வது மீதிதான். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தைக் கூட்டும், கல்லீரல் நோயும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைக்கும். அட்ரினல் சுரப்பி ஒரே அளவில் சுரந்தாலும் அறிக்கையில் எண் மாறிவிடும். உமிழ்நீரில் வருவது தனித்த கார்டிசால் என்பதால் அதுவே மேல்.

இனி 'ஒழுங்குமுறை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து வரும் உந்துதல், அட்ரினல் அதற்குத் தரும் பதில், ஹிப்போகாம்பஸிலும் (மூளையின் நினைவுப் பகுதி) பிட்யூட்டரி சுரப்பியிலும் உள்ள, கார்டிசாலை உணரும் ஏற்பிகள் வழியாக அணைக்கும் பின்னூட்டம், கல்லீரலும் சிறுநீரகமும் அதை அப்புறப்படுத்தும் வேகம் என நாலு இடங்களில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரலாம். ஒற்றை அளவு இந்த நாலையும் ஒரே எண்ணாகக் குழைத்துவிடுகிறது. முதுமையில் அதிகம் தளர்வது அணைக்கும் பகுதிதான். வயதான எலிகளில் அழுத்தம் ஓய்ந்த பிறகும் ஹார்மோன் இறங்கத் தாமதமானதை 1980களின் ஆய்வுகளே காட்டின. அதே சமயம் 1988இல் வந்த ஒரு வேலை, குட்டிப் பருவத்தில் தினமும் சற்று நேரம் கையில் எடுத்துக் கையாளப்பட்ட எலிகளுக்கு முதுமையிலும் அந்தத் தளர்ச்சி பெரிதாக வரவில்லை என்று காட்டியது. எல்லா வேறுபாட்டையும் வயதின் தலையில் கட்ட முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மனிதர்களில் 1998இல் மாண்ட்ரியல் குழு வெளியிட்டது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். ஆரோக்கியமான முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில் சிலருக்குக் கார்டிசால் ஆண்டுதோறும் ஏறியது, சிலருக்கு இறங்கியது. ஏறி, உயர்ந்தே நின்றவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் கன அளவு மற்றவர்களைவிட 14% குறைவு. ஒரு நாள் அளவை விட, பல ஆண்டுகளில் அது போகும் திசைதான் அங்கே பேசியது.

எதிர்த்திசையும் உண்டு. பழைய பெரும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் உள்ளவர்களில் பின்னூட்டம் மிகைக் கூர்மையாகி, கார்டிசால் தாழ்வாகவே இருப்பதும் பதிவாகியிருக்கிறது. 'அழுத்தம் கூடினால் கார்டிசால் கூடும்' என்ற நேர்கோட்டில் தேடினால், உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்து தொடர்பு சுழியாகத் தெரியும்.

பின்னூட்டத்தைத் தனியாகச் சோதிக்க விரும்பினால், மருத்துவர் மேற்பார்வையில் இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் போலச் செயல்பட்டு அதன் சுரப்பை அணைக்கும் செயற்கை ஸ்டீராய்டு), மறுநாள் காலை மாதிரி. மருத்துவமனைகளில் புழங்கும் 1 மி.கி. அளவு குஷிங் நோயை (கார்டிசால் மிகையாக இருக்கும் நிலை) பிடிப்பதற்கானது; காலையில் ரத்த அளவு 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே போனால் இயல்பு. அந்த அளவு மருந்துக்கு ஏறக்குறைய எல்லாருமே அடங்கிவிடுவார்கள், வேறுபாடு தெரியாது. ஆராய்ச்சியில் 0.25 அல்லது 0.5 மி.கி. கொடுப்பது அதனால்தான்.

பதில் 2: மைனஸ்_இருபது

உமிழ்நீர் என்று முடிவானால், கோளாறு ஆய்வகத்தை விடப் படுக்கையறையில்தான் அதிகம் நடக்கும்.

விழித்தபின் 30 முதல் 45 நிமிடத்துக்குள் கார்டிசால் மளமளவென்று ஏறும். அதைப் பிடிக்க 0, 30, 45 நிமிட மாதிரிகள் வேண்டும். முதல் மாதிரி 15 நிமிடம் தாமதமானால் அடித்தளமே ஏற்கெனவே உயர்ந்திருக்கும். ஏற்றம் சிறிதாகத் தெரியும். அறிக்கையில் 'மழுங்கிய எதிர்வினை' என்று எழுதிவிடுவோம். யார் தாமதிக்கிறார்கள் என்று யோசியுங்கள். மூட்டுவலி உள்ளவர், எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியவர், மறதி தொடங்கியவர். பிழை எங்கோ தற்செயலாக விழவில்லை. நீங்கள் ஆராயும் உடல்நிலையோடு சேர்ந்தே விழுகிறது. ஆகவே:

– குழாயும் மூக்குக்கண்ணாடியும் தலைமாட்டில். கழிப்பறைக்கு முன்பே முதல் மாதிரி.
– 'விழிப்பு' என்றால் எது? இரவில் நாலு தடவை எழுபவர்களுக்கு இதை எழுதியே கொடுக்க வேண்டும்: அதன்பின் தூங்கவில்லை என்றால் அதுதான் விழிப்பு. படுக்கையை விட்டு எழுந்த நேரம் அல்ல.
– சின்ன எழுத்து வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிற மூடி. விரல் மூட்டு வீங்கியவர்கள் திருக முடிகிறதா என்று முதல் சந்திப்பிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.
– நேரத்தை அவர்கள் எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள். திறக்கும் நேரத்தைத் தானே பதியும் மூடியுள்ள புட்டியில் எச்சில் உறிஞ்சும் குச்சிகளைப் போட்டுக் கொடுத்து, அதைச் சொல்லாமல் விட்ட ஓர் ஆய்வில், சரியாகச் செய்ததாக அவர்களே குறித்தது 90%, புட்டி காட்டியது 71%. கண்காணிப்பதை முன்பே சொன்னால் இடைவெளி பெருமளவு மூடிவிடுகிறது. சொல்லிவிடுங்கள்.

வாய் வறட்சி இந்த வயதில் பெரிய தொல்லை; ஒவ்வாமை, சிறுநீர்ப்பை, பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் எச்சிலைக் குறைக்கும். எலுமிச்சைப் பொடி, சூயிங்கம் கொடுத்து ஊற வைக்கக் கூடாது; அமிலம் பிஎச்சைக் கெடுத்து இம்யூனோஅசே (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் ஆய்வகச் சோதனை) எண்ணைப் பொய்யாக்கும். தலையைச் சற்றுக் குனிந்து, விழுங்காமல் தேக்கி, தானாக வழிய விட்டால் 0.5 மி.லி. போதும். உறிஞ்சும் குச்சி பயன்படுத்தினால் எல்லாருக்கும் ஒரே வகை: பருத்தியும் செயற்கை இழையும் ஒரே எண்ணைத் தராது. நினைவு தடுமாறுபவர்களிடம் குச்சியைத் தனியே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

மூன்று மாதிரியும் முடியும்வரை பல் தேய்ப்பதும் சாப்பிடுவதும் கூடாது. ஈறு ரத்தம் கலந்தால் அளவு எகிறும். இளஞ்சிவப்பாகத் தெரிவதைக் கழித்துவிடுங்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சில நாள் தாங்கும், பிறகு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். உறையவைத்து உருக்கிய பின் 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். கொழகொழப்பான மியூசின் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். ஒருவருடைய எல்லா மாதிரிகளும் ஒரே சோதனைத் தட்டில், இரட்டையாக. இரண்டுக்கும் 10%க்கு மேல் வேறுபட்டால் திரும்ப ஓட்டவும்.

இரவு மாதிரிகள் பெரும்பாலும் சில நானோமோல்/லிட்டர்தான். சோதனைக் கருவித்தொகுப்பு அளக்கக்கூடிய கீழெல்லை அதற்குக் கீழே இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். அலகு குழப்பமும் வரும்: 1 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் = 27.6 நானோமோல்/லிட்டர்.

பதில் 3: மருந்துப்பட்டி

மூன்றாவது கேள்விக்கு. 'ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்றுதான் பதில் வரும். இன்ஹேலரையும், தோல் களிம்பையும், முழங்காலில் போட்ட ஊசியையும் யாரும் ஸ்டீராய்டு என்று எண்ணுவதில்லை. வீட்டிலுள்ள மாத்திரைப் பட்டைகள், டப்பாக்கள், களிம்புகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.

விலக்க வேண்டியவை: ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகள், அண்மையில் போட்ட மூட்டு ஊசி (ஹைபோதலாமஸ்–பிட்யூட்டரி–அட்ரினல் தொடரை வாரக்கணக்கில் அடக்கும்). ப்ரெட்னிசோலோன் பல இம்யூனோஅசேக்களில் கார்டிசால் போலவே பதிவாகும் என்பது கூடுதல் தலைவலி. மெஜெஸ்ட்ரால் பசிக்காகக் கொடுக்கப்படுவது, ஆனால் குளுக்கோகார்ட்டிகாய்டு போல அடக்கும், அதையும் சேருங்கள்.

தனிக் குழுவாக வைத்துப் பார்க்க வேண்டியவை: ஸ்டீராய்டு இன்ஹேலர், ஓபியாய்டு வலிநிவாரணி (அடக்கும்), மனச்சோர்வு மருந்தான மிர்ட்டசபின் (குறைக்கும்). வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் சீக்கிரம் சிதைந்துவிடும், சோதனையில் அடங்காதவர் போலத் தெரிவார்கள். அதே மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் அளவையும் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகளைக் குறித்துக்கொண்டால் போதும். பீட்டா தடுப்பான் எடுப்பவர்களின் நாடித்துடிப்பை மன அழுத்த எதிர்வினையாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

திடீரென ஒரு மாதிரி மட்டும் நம்பமுடியாத உயரத்தில் இருந்தால், கையில் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தடவிக் குழாயைத் தொட்டார்களா என்று கேளுங்கள்.

ஆய்வில் சேர்வதற்காக யாரும் ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. காலை ரத்த அளவு 3 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே வந்தால் அதைத் தனிநபர் வேறுபாடு என்று பதிந்துவிட்டு நகராமல், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மாதிரிக்குழாய்

நன்றி, மூவருக்கும். 8 மணி ரத்தத்தைக் கைவிட்டாயிற்று. ஒருவருக்கு மொத்தம் 12 உமிழ்நீர் மாதிரிகளுக்குத்தான் நிதி உண்டு. 3 நாள் × 4, அல்லது 6 நாள் × 2, எது நல்லது?

பதில் 4: சாய்வும்_சராசரியும்

எந்த எண் வேண்டும் என்பதைப் பொறுத்தது. நாள் சராசரி சீக்கிரம் நிலைபெறும், மூன்று நாள் ஓரளவு போதும். காலையிலிருந்து இரவுக்கு இறங்கும் சாய்வு ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் ஆடும். ஒரு வாரமாவது எடுத்தால்தான் அந்த ஆளின் சுபாவம் தெரியும். விழிப்பு ஏற்றமும் அப்படியே. உங்கள் கேள்வி ஆளுக்கு ஆள் வேறுபாடு என்பதால் 6 × 2: விழித்தவுடன் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. இரவுப் பள்ளமும் கைக்கு வந்துவிடும்.

கேள்வித்தாள் ஒட்டாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு மாதத்தைக் கேட்டுவிட்டு ஒரு காலையை அளந்தால் எப்படிப் பொருந்தும்? சிகாகோ பகுதியில் 50களிலும் 60களிலும் இருந்தவர்களிடம் நடந்து 2006இல் வந்த ஆய்வில், முந்தைய நாள் தனிமையுணர்வு கூடியிருந்தால் மறுநாள் விழிப்பு ஏற்றமும் கூடியிருந்தது. தினமும் இரவு மாதிரியோடு மூன்று வரிக் கேள்வி சேருங்கள்.

பகுப்பாய்வில்: அளவுகளை மடக்கையாக மாற்றுங்கள், வலப்பக்க வால் நீளம். பலநிலைப் புள்ளியியல் மாதிரியில் (multilevel model) ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்க அளவு (வெட்டு), தனிச் சாய்வு. விழித்த நேரம், தூங்கிய மணி, பகல் தூக்கம் ஆகியவை அன்றன்றைய மாறிகள். 30 நிமிட மாதிரி எடுத்திருந்தால் அதைச் சாய்வில் சேர்க்கவே கூடாது. ஒருவரின் நாள்தோறும் மாறும் ஏற்ற இறக்கத்தையும் பிழையென்று ஒதுக்காதீர்கள். ஒழுங்குமுறை தளர்வது அதிலும் தெரியலாம்.

80ஐத் தாண்டி ஆய்வுக்கு வரும் அளவு திடமாக இருப்பவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களையும் 65 வயதினரையும் ஒப்பிட்டு 'வயதானால் இப்படி' என்று எழுத முடியாது. முடிந்தால் இரண்டு, மூன்று ஆண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி அளக்க நிதி கேளுங்கள்.

பதில் 5: மைனஸ்_இருபது

6 × 2வில் ஒரு சிக்கல். சாய்வு முழுக்க இரண்டு புள்ளிகளில் தொங்குகிறது. விழிப்பு மாதிரி 20 நிமிடம் தள்ளிப்போனால் சாய்வு செங்குத்தாகிவிடும், அதைச் சரிபார்க்க நடுவில் வேறு புள்ளி கிடையாது. 5 நாள் × 2 ஆக்கி, மிச்சத்தில் நேரம் பதியும் மூடி வாங்குவது மேல்.

பதில் 6: சாய்வும்_சராசரியும்

ஒப்புக்கொள்கிறேன். மூடியோடு 5 நாள், மூடியில்லாத 6 நாளைவிட நல்லது.

தினமும் மாதிரி எடுக்க இயலாத, நினைவு தளர்ந்தவர்களுக்கு முடி உண்டு. பின்னந்தலை உச்சியில், தோலோடு ஒட்ட வெட்டிய 3 செ.மீ., சுமார் மூன்று மாதச் சுரப்பைக் காட்டும். மொத்த அளவு மட்டுமே கிடைக்கும், பகல் இரவு சாய்வு கிடைக்காது. சாயம், அடிக்கடி அலசுதல் இரண்டும் அளவைக் குறைக்கும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த முனை தோல் பக்கம் என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஆய்வகத்துக்குப் போன பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.