'மாற்ற ஏற்புநிலை': கலைச்சொல் பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

பணியிட மாற்றங்களைப் பணியாளர்கள் எவ்வளவு மனமுவந்து வரவேற்கிறார்கள் என்பதைக் குறிக்கும் 'ஓப்பன்னஸ் டு சேஞ்ச்' என்ற நிறுவன உளவியல் கருத்துக்கு மாற்றத் திறந்தமனம், மாற்ற இணக்கம், மாற்ற ஏற்புக்குணம் ஆகிய மூன்றும் தமிழ்க் கலைச்சொற்களாக இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'மாற்ற ஏற்புநிலை' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

திறந்தமனம் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாக நிற்கிறது. இணக்கமோ பொருளையே குறைத்துவிடுகிறது. சுற்றறிக்கையில் கையொப்பமிட்டுவிட்டு உள்ளூர வெறுப்பவரும் இணங்கியவரே.

ஏற்புக்குணம் என்பதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன், ஏனெனில் மாற்றம் ஏற்கப்படாதபோது பழியை முழுவதும் பணியாளரின் இயல்பின்மேல் ஏற்றிவிடும் சொல் அது. அமெரிக்க நடுவணரசின் வீட்டுவசதித் துறைப் பணியாளர்களிடம் வான்பெர்க், பனாஸ் இருவரும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் தன்மதிப்பு, நன்னம்பிக்கை, நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்னும் உணர்வு ஆகியவை மாற்றத்தை ஏற்பதோடு தொடர்புற்றிருந்தன என்பது உண்மையே. ஆனால் மாற்றம் பற்றிக் கிடைத்த தகவல், முடிவெடுப்பதில் கிடைத்த பங்கு, தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் அதே ஆய்வில் ஏற்புநிலையோடு சேர்ந்தே உயர்ந்தன. இவற்றுள் முதலிரண்டும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை.

இதைவிடத் தெளிவான சான்று கோச், ஃபிரெஞ்ச் இருவரும் 1948இல் வெளியிட்ட, வர்ஜீனியாவின் மேரியன் நகரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலை ஆய்வு. தேய்த்த துணிகளை அட்டைமேல் அரை டஜனாக அடுக்கிவந்தவர்கள் இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்பதுதான் ஒரு குழுவினருக்கு நேர்ந்த மாற்றம்; கூடுதல் வேலைக்கென டஜனுக்கு 2 நிமிடங்கள் கணக்கிட்டும் கொடுத்தார்கள். முடிவெடுப்பதில் எந்தப் பங்கும் தரப்படாத அந்தக் குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர், உற்பத்தியும் பழைய அளவுக்கு மீளவில்லை. தங்கள் பணிமுறை மாற்றத்தை எல்லோரும் கூடியிருந்து திட்டமிட்ட குழுக்களிலோ அந்த 40 நாட்களில் ஒருவரும் விலகவில்லை, உற்பத்தி விரைவில் முந்தைய அளவையும் தாண்டியது. ஒரே ஆலையின் தொழிலாளர்களிடையே நடத்தும் விதத்தைப் பொறுத்து இப்படி ஏறி இறங்கும் ஒன்றைக் குணம் என்றழைப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. 'நிலை' என்னும் ஈறு இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் தருகிறது. 'ஏற்புநிலை உயர்ந்தது', 'ஏற்புநிலை அளவுகோல்' என்றெல்லாம் இயல்பாகவும் எழுத முடிகிறது.

ஆர்மெனாக்கிஸ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 1993இல் விளக்கிய 'ரெடினஸ்' (மாற்றத்துக்கு ஆயத்தமாக இருத்தல்) என்பதற்கு மாற்ற ஆயத்தநிலை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பா. தன்னால் முடியும் என்ற நம்பிக்கையைக் குறிக்கும், உளவியலாளர் பண்டூராவின் 'செல்ஃப் எஃபிகசி'க்குத் தற்திறன் நம்பிக்கை போதும்.

புணர்ச்சியைப் பற்றியும் முடிவு வேண்டும். சேர்த்தெழுதினால் 'மாற்றவேற்புநிலை' என்றாகிப் படிப்பவர் தடுமாறுவார் என்பதால், பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் இரு சொற்களாகப் பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து.