கிட்டார் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தமும் சுருளும் கொண்ட பாகம்) காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். என்னிடம் இருப்பது லெஸ் பால் வடிவக் கிட்டார். பிரிட்ஜ் (தந்திகள் உடலில் முடியும் இடம்) பக்கத்து ஹம்பக்கரில், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்பில், செராமிக் காந்தம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் குறை சொல்ல முடியாது. அதை அணைத்துவிட்டால் ஒவ்வொரு மீட்டலும் காதில் குத்தும். புது பிக்கப்புக்குச் செலவழிக்க மனமில்லாமல் அல்னிகோ 2, அல்னிகோ 5 என இரண்டு பட்டைக் காந்தங்கள் வாங்கினேன். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் பெயர்களைச் சேர்த்து வைத்த காந்தக் கலவை; எண் அதன் ரகம்.

பிக்கப்பைத் திருப்பினால் அடித்தகட்டில் நான்கு சிறு திருகுகள் தெரியும். தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். இரு சுருள்களுக்கும் கீழே நடுவில் காந்தம் படுத்திருக்கும். மெழுகு பிடித்திருந்ததால் மரக்குச்சியால் தள்ளித்தான் எடுத்தேன். சுருளின் செம்புக் கம்பி தலைமயிர் அளவே தடிமன். அந்தப் பக்கம் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோகவே கூடாது. எந்த விளிம்பு எந்தத் துருவம் என்று திசைகாட்டியால் பார்த்து, புதியதையும் அதே வாக்கில் செருகினேன்.

அல்னிகோ 2 போட்டதும் சத்தம் சற்று இறங்கியது, குத்தல் போய்விட்டது. மேல் தந்திகளில் தனியாக ஒரு மெட்டு வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும்போது கீழ் ஸ்வரங்கள் தொளதொளவென்று இருந்தன. அல்னிகோ 5 அதை இறுக்கிக் கொடுத்தது. மேலே பளிச்சென்ற தன்மையும் வந்தது. அதையே விட்டுவைத்திருக்கிறேன். கிப்சன் நிறுவனம் 1957 முதல் சில ஆண்டுகள் தன் ஹம்பக்கர்களில் அல்னிகோ 2, 3, 4, 5 என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டது. ஆகவே ‘அசல் பழைய ஒலி இந்த எண்தான்’ என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

* * *

பிக்கப்பின் உயரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே! என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டாரில் அல்னிகோ 5 தண்டுகள் சுருளுக்கு உள்ளேயே நிற்கின்றன. கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றியபோது, கீழ் இ தந்தியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலைந்தது. காந்தம் தந்தியை இழுப்பதால் வரும் கோளாறு அது. பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினேன், சரியாகிவிட்டது. வலு குறைந்த அல்னிகோ 3 தண்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. பெயரில் கோபால்ட்டுக்கு இடம் கொடுத்துவிட்டு, 3-இல் மட்டும் கோபால்ட்டே சேர்ப்பதில்லை என்பது வேடிக்கை.

* * *

செராமிக்கைத் திட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப் 1970களின் தொடக்கத்தில் வந்தது: செராமிக் காந்தம், சுருளின் மின்தடை 13 கிலோ ஓமுக்கு மேல். ஒரே கம்பியில் சுற்று கூடினால் மின்தடையும் கூடும். பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓமுக்குள். ‘செராமிக் ஒலி’ என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அந்தச் சுற்றுகளின் வேலை. அப்படி நிறையச் சுற்றிய ஒரு பிக்கப்பில் அல்னிகோ 5 போட்டுப் பார்த்தேன்: சத்தம் குறைந்தது, ஆனால் நடுப்பகுதியின் கனம் அப்படியே இருந்தது.

இன்னொன்று. காந்தம் திரும்பிப் போய்விட்டால் அந்த பிக்கப் தனியாக ஒலிக்கையில் எதுவும் தெரியாது. சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கனமே இல்லாமல் மூக்கால் பாடுவதுபோல இருந்தால் திறந்து, காந்தத்தைப் புரட்டிப் போடுங்கள்.