பால் பல்லுக்கு வைத்தியம் தேவையா? ஃபுளோரைடு மிகுந்த ஊரில் ஃபுளோரைடு பற்பசை தரலாமா?

கேள்வி: பென்னாகரத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் இளைய மகனுக்கு இரண்டே முக்கால் வயதாகிறது. அவனுடைய மேல் வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈற்றை ஒட்டி முதலில் வெண்மையான கோடு தெரிந்தது. இப்போது அது பழுப்பாக மாறி வருகிறது. இரவில் பனங்கற்கண்டு கலந்த பாலைப் புட்டியில் குடித்தபடியே உறங்குவது அவன் வழக்கம். மருத்துவரிடம் காட்டலாம் என்றால், விழப்போகிற பல்லுக்கு எதற்குச் செலவு என்று என் மாமியார் கேட்கிறார்.

மூத்தவனுக்கு ஏழு வயது. புதிதாக முளைத்த அவனுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தீட்டியது போன்ற திட்டுகள் இருக்கின்றன. எங்கள் ஊர்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்றும், ஆகவே ஃபுளோரைடு இல்லாத பற்பசையையே பிள்ளைகளுக்கு வாங்க வேண்டும் என்றும் உறவினர் ஒருவர் அறிவுறுத்தினார். ஒகேனக்கல் குடிநீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். மூத்தவனின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்பாகச் சிறு குழி தெரிகிறது. அதுவும் பால் பல்தான், விழுந்துவிடும் என்று விட்டுவிட்டோம். நாங்கள் செய்வது சரிதானா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: குழந்தைப் பல் மருத்துவர், சேலம்

சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூத்தவனின் வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்த்தாடையின் நடுவிலிருந்து அந்தக் குழி உள்ள பக்கமாக ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குப் பால் பற்கள் ஐந்துதான். குழி உள்ள பல் ஆறாவதாக இருந்தால், அது பால் பல்லே அல்ல. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பல் வரிசைக்குப் பின்னால் அது முளைத்துவிடுவதால், படித்த பெற்றோர்கள்கூட அதைப் பால் பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெற்றோரிடம் மிகுதியாகக் காணும் அறியாமை இதுதான். குழி சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம். சொத்தை இல்லாத மற்ற ஆறாம் பற்களின் பள்ளங்களையும் அப்போதே பூச்சிட்டு மூடிக்கொள்வது நல்லது.

இளையவனுக்கு வந்திருப்பது புட்டிப்பாலால் வரும் சொத்தை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், பாலும் இனிப்பும் மேல் முன்பற்களின் மீது இரவெல்லாம் தங்கிவிடுகின்றன. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பனங்கற்கண்டு உடலுக்கு நல்லது என்பார்கள், ஆனால் பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரையே. வெண்கோடாக இருந்தபோதே வந்திருந்தால் ஃபுளோரைடு பூச்சு ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். பழுப்பேறிய நிலையிலும், துளைக்காமல் சொத்தையை நிறுத்தும் மருந்து உண்டு. அது சொத்தை பிடித்த இடத்தைக் கறுப்பாக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விழப்போகிற பல்தானே என்கிறார் உங்கள் மாமியார். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று வேலை செய்ய வேண்டியவை. அவற்றைச் சொத்தைக்குப் பறிகொடுத்தால், பின்னாலிருக்கும் ஆறாம் பல் முன்னோக்கி நகர்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். வேரில் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் கெடக்கூடும்.

இனி ஃபுளோரைடு. பற்பசைக் குழாயில் 1000 பி.பி.எம். என்று அச்சிட்டிருந்தால், ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது என்று பொருள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவும் போதும். அரிசி அளவுப் பசை ஏறத்தாழ 0.1 கிராம்தான், குழந்தை அதை முழுவதும் விழுங்கினாலும் உடலுக்குள் போவது 0.1 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குடித்தால், அதைப் போல முப்பது மடங்கு உள்ளே போகிறது. மூத்தவனின் பல்லில் திட்டு விழுந்தது, பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமல் தாடைக்குள் உருவாகிய ஆண்டுகளில் அவன் அளவுக்கு மீறி விழுங்கிய ஃபுளோரைடால். பல்லின் மேற்பரப்பில் படுகிற சிறிதளவு ஃபுளோரைடோ சொத்தையைத் தடுக்கிறது. ஆகவே நீரை மாற்றுங்கள், பசையை அளந்து கொடுங்கள். விளம்பரத்தில் வருவது போலத் தூரிகையின் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள்.

பதில் 2: இரு பிள்ளைகளின் தந்தை, ஓசூர்

மருத்துவர் அவர்கள் கூறியதோடு, எங்கள் வீட்டில் கைகொடுத்த ஒன்றைச் சேர்க்கிறேன். தூரிகையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அவனே துலக்கிவிட்டான் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் என் மகளுக்கு நான்கு பற்கள் சொத்தையாயின. ஏழெட்டு வயதுவரை பெற்றோர்தான் துலக்கிவிட வேண்டும் என்பதை அதற்குப் பிறகே அறிந்தோம். நான் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு துலக்கிவிடுவேன். மேல் பற்கள் தெளிவாகத் தெரியும். காலையில் விடுபட்டாலும் இரவில் விடமாட்டேன், துலக்கிய பின் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுப்பதில்லை. புட்டியை நிறுத்துவதற்குப் பாலில் நாள்தோறும் சிறிது நீர் கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் நீராக்கினோம். முதல் மூன்று இரவுகள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பதில் 3: பழைய முறையே போதும்

இவ்வளவு குழப்பம் எதற்கு? ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள் முன்னோர்கள். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இருந்த காலத்தில் எந்தக் குழந்தைக்குப் பல் மருத்துவர் தேவைப்பட்டார்?

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியை, பாலக்கோடு

ஐயா, அந்தப் பழமொழியில் வருவது வேம்பு அல்ல, வேலமரம். இரண்டாவதாக, அந்தக் காலத்தில் ரொட்டியும் மிட்டாயும் புட்டிப்பாலும் இல்லை. உமிக்கரி பால் பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்க்கும். மூன்று வயதுக் குழந்தையின் பின்பல்லுக்குக் குச்சியை எப்படிக் கொண்டுபோவீர்கள்?

முப்பது ஆண்டுகள் இந்த வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றியவள் நான். வகுப்புப் படம் எடுக்கும் நாளில் உதட்டை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். பல் துலக்காத சோம்பேறிகள் என்று தொடக்கத்தில் அவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. அது தண்ணீரின் குற்றம் என்று பின்னரே எனக்கு விளங்கியது. ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது.

தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால், அந்த நீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, காவிரி நீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்துச் சேமியுங்கள். அது முடியாவிட்டால், நீரில் கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கும் ஆர்.ஓ. கருவி வேண்டும்.

பென்னாகரத்துத் தாய் (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மூத்தவனின் பற்களை என் மாமியாரையே எண்ணச் சொன்னேன். குழி இருப்பது ஆறாவது பல். இரண்டு முறை எண்ணிவிட்டு, திங்கட்கிழமை தாமே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாகக் கூறியிருக்கிறார். இளையவனின் பாலில் பனங்கற்கண்டு போடுவதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.