தென்கால் குடும்பக் குழு: தண்ணீர் வந்த வழி

ஞாயிறு

நான், காலை 7:12
பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு நம் தெருவுக்குள் தண்ணீர் எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதை, கண்ணால் கண்டவர்கள் மறந்துவிடுவதற்குள் ஒரு படத்தில் குறித்து வைக்க விரும்புகிறேன். சுவரில் படிந்த சேற்றுக் கோடுகளைப் பலர் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது உங்கள் நினைவு மட்டுமே.

அண்ணன் (சென்னை), காலை 7:40
நல்ல முயற்சி, தங்கச்சி. ஆனால் ஆற்று வெள்ளத்துக்கு அரசாங்கமே வரைபடம் வைத்திருக்கும் அல்லவா? செயற்கைக்கோள் தரும் நில உயரத் தரவும் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியில் அரை நாளில் முடிந்துவிடக்கூடிய வேலையை ஏன் தெருத் தெருவாக நடந்து செய்ய வேண்டும்?

நான், காலை 8:05
அதைத்தான் முதலில் முயன்றேன், அண்ணா. 2000-ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உயரத் தரவில், 30 மீட்டருக்கு 30 மீட்டர் கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண்தான் இருக்கிறது. அந்த எண்ணும் சில மீட்டர் வரை தவறக்கூடியது. தோப்பு இருக்கும் இடத்தில் தரையின் உயரத்துக்குப் பதிலாக மரத்தின் உயரம் கலந்து வருகிறது. நம் வாய்க்கால் கரைக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசமோ நான்கைந்து அடிதான். அந்தத் தரவில் நம் பாசன வாய்க்காலான தென்கால் கண்ணுக்கே தெரியவில்லை. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள் படமும் நமக்கு முழுமையாக உதவாது. அது சில நாட்களுக்கு ஒருமுறைதான் நம் தலைக்கு மேல் வரும். வாழைக்குள் நிற்கும் தண்ணீரையும் வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரையும் அது சரியாகப் பிரித்துக் காட்டாது. நம் ஊரில் தண்ணீர் நின்றது அந்த இரண்டு இடங்களிலும்தான்.

பெரியப்பா, காலை 8:31
மகள் சொல்வது சரி. பாசனப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அன்று நாம் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் எவ்வளவு வழிகிறது என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்தோம். ஆனால் அன்றைய மழையின் கனம் மலையில் மட்டும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. என்று, அணைகளுக்குக் கீழே, நம் தலையிலேயே பெய்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்தில் 62 செ.மீ. பெய்து, மண் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதால் முழுவதும் வழிந்து ஓடினால், அது 6 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டர். ஒரு நாள் முழுவதும் சீராக ஓடினாலும் நொடிக்கு சுமார் 250 கன அடி. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் குறுக்கே நிற்பது வாய்க்காலின் மேட்டுப் பக்கக் கரை.

அண்ணன் (சென்னை), காலை 8:50
வாய்க்கால் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு கொண்டுபோய்விடாதா, அப்பா?

பெரியப்பா, காலை 9:14
ஓடைக்கும் பாசன வாய்க்காலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதுதான். ஓடை கீழே போகப் போகக் கிளை ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு அகலமாகும். பாசன வாய்க்கால் அப்படி அன்று. ஒவ்வொரு மடையிலும் குளத்திலும் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போவதால், கீழே போகப் போகக் குறுகும்படிதான் அதை வெட்டியிருப்பார்கள். சாகுபடிக்கு அது பொருத்தமான அமைப்பு. ஆனால் மழை வெள்ளம் அதற்குள் புகுந்தால், தண்ணீர் கூடிக்கொண்டே போக, வாய்க்கால் சிறுத்துக்கொண்டே போகும். அதனால்தான் கடைமடைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் கரை உடைகிறது.

முன்னோர் இதை அறிந்துதான், ஓடை குறுக்கிடும் இடங்களில் மிகுதித் தண்ணீரை வெளியே தள்ளும் வழியாகக் கலிங்கு கட்டி, குளம் நிரம்பி வழியும் தண்ணீர் ஓட மறுகால் வெட்டி வைத்தார்கள். ஆகவே நீ வரையும் படத்தில் வாய்க்காலின் கோட்டை மட்டும் போடாதே, மகளே. ஓடை எங்கே வந்து சேருகிறது, கலிங்கு எங்கே இருக்கிறது, அது திறந்திருக்கிறதா அல்லது மண் மேவிக் கிடக்கிறதா, கரையில் எங்கே டிராக்டர் ஏறி இறங்கித் தாழ்ந்துவிட்டது என்பதையெல்லாம் குறிக்க வேண்டும்.

அத்தை, காலை 10:02
வாய்க்காலைப் பற்றிப் பெரிய அண்ணன் சொல்வதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. அன்று இரவு இரண்டு மணிக்கு நாய் விடாமல் குரைத்ததால் எழுந்தேன். முன்வாசலில் தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பின்பக்கக் கதவைத் திறந்தபோது வாழைத் தோட்டத்திலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது. அடுக்களையில் புகுந்து, பின்னால்தான் தெருவுக்குப் போனது. ஆறு வந்துவிட்டது என்று சொல்லி எல்லோரும் கிழக்கே, மழைத் தண்ணீர் குறுக்கே ஓடும் தாழ்வான சாலையான தாம்போதிப் பக்கம் ஓடினார்கள். அங்கே மறுகால் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துத் திரும்பி வந்தோம். கையில் பேரப்பிள்ளை இருந்தான். அந்த நடையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நான், காலை 10:20
அத்தை, நீங்கள் சொன்னது இந்தப் படத்திலேயே மிக முக்கியமான தகவல். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று தெரிந்தால்தான், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்ல முடியும். அபாயம் ஆழத்தில் மட்டும் இல்லை. இடுப்பளவு தேங்கி நிற்கும் தண்ணீரில் ஒருவர் நடந்துவிடலாம், ஆனால் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வேகமாக ஓடும் தண்ணீர் காலை வாரிவிடும். ஆகவே தேங்கிய இடங்களை நீலத்திலும், இழுத்து ஓடிய இடங்களைச் சிவப்பிலும் போடுகிறேன். தாம்போதி சிவப்பு.

மேலத் தெருச் சித்தி, காலை 10:45
எங்கள் தெருக் குழாய்ப் பாலத்தையும் சேர்த்துக்கொள். சாலை போட்டபோது வாய்க்காலுக்கு இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்தார்கள். இரண்டிலும் தண்ணீரில் மிதந்து படரும் அமலைச் செடி அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலைக்கு மேலே ஏறிக் குதித்தது.

நான், முற்பகல் 11:10
நேற்று அதை அளந்தேன், சித்தி. அந்த இடத்தில் வாய்க்கால் 8 அடி அகலம், 4 அடி ஆழம், அதாவது 32 சதுர அடி. குழாய்கள் ஒவ்வொன்றும் 2 அடி விட்டம் என்பதால் இரண்டும் சேர்ந்து 6 சதுர அடியைச் சற்றே தாண்டுகின்றன. அமலை இல்லாத நாளிலேயே ஐந்தில் ஒரு பங்கு வழிதான் இருக்கிறது. இந்த அளவை எழுதிக் கொடுத்தால், பாலத்தை மாற்றக் கேட்பதற்கு நம் வருத்தத்தைவிட அது வலுவாக இருக்கும்.

மாமா, பகல் 12:30
நான் ஒன்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். குளத்து மறுகால் ஓரத்தில் நான் கட்டிய மாட்டுத்தொழுவம் இருக்கிறது. அது மறுகாலுக்குள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்தப் படத்தில் அதையும் குறிப்பீர்களா? பிறகு இந்தப் படம் அலுவலகங்களுக்கும் போகும். ஊருக்குள் நிலத்தின் விலையும் இறங்கும் என்று சிலர் பேசுகிறார்கள்.

அண்ணன் (சென்னை), பகல் 12:41
மாமா கேட்பது நியாயமான கேள்வி. குடும்பத்தின் பெயர் கெடாமல் இதைச் செய்ய வழி இருக்க வேண்டும்.

பெரியப்பா, பகல் 1:15
மாப்பிள்ளை, நீங்கள் மறைக்காமல் கேட்டதற்கு மதிப்பளித்தே சொல்கிறேன். தொழுவம் கட்டியபோது குளம் பல ஆண்டுகள் நிரம்பாமல் கிடந்தது. மறுகால் வெறும் மண்மேடாக இருந்தது. யாரும் உங்களைத் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நில அளவைக் காட்டும் கிராமப் புலப்படத்தில் மறுகால் எவ்வளவு அகலம் என்று போட்டிருக்கிறதோ அதையும், இன்று எவ்வளவு இருக்கிறதோ அதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாவிட்டால், இந்தப் படம் பொய்யாகிவிடும். தங்கச்சி சொன்னதுபோல் உங்கள் வீட்டின் பின்கதவு வழியாக அன்று தண்ணீர் ஏறியதற்கு, மறுகாலில் வழியில்லாமல் அது பின்னுக்கு எதிர்த்து நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான், பகல் 1:38
மாமா, யாருடைய பெயரையும் படத்தில் எழுத மாட்டேன். அகலமும் உயரமும் மட்டுமே இருக்கும். நிலத்தின் விலையைப் பற்றி எனக்குத் தோன்றுவது இதுதான்: தண்ணீர் வந்தது ஊருக்கே தெரியும், தெரியாமல் இருப்பது அது மறுபடி எந்த வழியாக வரும் என்பது மட்டும்தான்.

உயரத்தை அளக்கக் கைப்பேசியை நம்ப முடியாது. அது காட்டும் உயரம் பல மீட்டர் தவறும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம்தான் நமக்குச் சரியான கருவி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கலிங்கின் மேல்விளிம்பைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு, நூறு நூறு அடியாக நகர்ந்தால், ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் அதற்கு எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலிங்கில் தொடங்கலாமா? குழாயைப் பிடிக்க இருவர், எழுத ஒருவர் வேண்டும்.

மேலத் தெருச் சித்தி, பகல் 1:50
நான் எழுதுகிறேன். குழாயைப் பிடிக்க என் மகனை அனுப்புகிறேன்.

பெரியப்பா, பகல் 2:05
நானும் வருகிறேன். மண்ணுக்குள் போன பழைய கலிங்குக் கற்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை

நான், மாலை 6:20
இன்று 41 வாசற்படிகள் முடிந்தன. கலிங்கின் விளிம்பைவிடத் தாழ்வாக இருப்பவை 17. நடுத்தெருப் பள்ளிக்கூடத் திண்ணை 3 அடி 4 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. மேற்கே கோயில் மேடு வழியாகப் போனால் தாம்போதியைத் தொடாமலே அங்கே சேரலாம். அந்த வழியைப் பச்சைக் கோடாகப் போட்டிருக்கிறேன். அத்தை வீட்டின் பின்வாசலும் மறுகால் ஓரமும் மட்டும் பாக்கி.

மாமா, இரவு 8:47
தொழுவத்துத் தெற்குத் தூணை நான் வெள்ளையடிக்கவில்லை. சேற்றுக் கோடு அப்படியே இருக்கிறது. தரையிலிருந்து 4 அடி 2 அங்குலம். அதன் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டு, தேதியும் எழுதிவிட்டேன். புலப்படத்தின்படி மறுகாலின் ஓரம் தொழுவத்துக்குள் 7 அடி வருகிறது. அந்த 7 அடியையும் படத்தில் போட்டுக்கொள், அம்மா. மழைக்கு முன்னால் அந்தப் பக்கச் சுவரை எடுத்துவிடக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.