விடை இருந்தும் தேடலில் சிக்குவதில்லை: தமிழ் மென்பொருள் உதவிப் பக்கத்தை எப்படிச் சீராக்கலாம்?

பட்டர்வொர்த் ஆசிரியை:
வணக்கம். பினாங்கில் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக, தட்டச்சு, எழுத்துரு, லிப்ரே ஆபிஸ் ஆகியவை பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கும் அகப்பக்கம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சிலர் நடத்தி வருகிறோம். ஏற்கெனவே விடையளித்த கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தேடிப் பார்க்காமல் கேட்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற வாரம் ஓர் ஆசிரியை, தாம் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பள்ளி அலுவலகக் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பித் தெரிவதாகக் கேட்டிருந்தார். அவருக்கு முன் நானே அமர்ந்து ‘கோப்பு’ என்று தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. பழைய பதிவு ஒன்றைக் கையால் புரட்டி எடுத்தபோது, அதன் முதல் வரியிலேயே ‘கோப்பு’ என்ற சொல் கண்ணெதிரே இருந்தது. எதனால் இப்படி நேர்கிறது? எதை முதலில் திருத்துவது?

பெட்டாலிங் ஜெயா நிரலர்:
வணக்கம், அம்மா. உங்கள் தேடுபொறி பழுதானதாகத் தெரியவில்லை. இரண்டு சொற்களும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், கணினியின் நினைவில் வெவ்வேறாக இருக்கக்கூடும். எழுத்துகளைக் கணினியில் பதியும் இன்றைய பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் ‘கோ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகத்தான் இருந்தது. அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவரும் மாற்றிகளில் சில, கொம்பையும் காலையும் இணைக்காமல் விட்டுவிடுகின்றன. ‘கோப்பு’ என்ற சொல்லின் நீளத்தை நிரல்வழி எண்ணிப் பாருங்கள். இணைந்த வடிவத்தில் 6 குறிகளும் பிரிந்த வடிவத்தில் 7 குறிகளும் வரும்.

இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே வரையறுத்திருக்கிறது. எனவே பதிவுகளைச் சேமிக்கும்போதும் தேடுசொல்லைப் பெறும்போதும் பிரிந்த குறிகளை இணைத்து ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்தைச் செய்தால் போதும். உங்கள் தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால், 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் இயல்பாக்கம் தீர்க்காது. ‘ஸ்ரீ’ என்பதைச் சிலர் ஸகரத்தாலும் சிலர், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட, ஶகரத்தாலும் எழுதுகிறார்கள். ஸ்ரீ பெட்டாலிங்கில் இருந்து எழுதும் ஒருவர் தம் பதிவையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பயிற்றுநர்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் சொல் வேறுபாடும் பெரிய தடையே. கேட்பவர் ‘ஃபாண்ட்’ என்கிறார், விடையளிப்பவர் ‘எழுத்துரு’ என்கிறார், தேடுபவரோ ‘எழுத்துருவை’ என்று வேற்றுமை உருபோடு தட்டுகிறார். 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பு முதல் உருபுகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும், தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பி இருக்கிறது. அது எல்லா இடத்திலும் சரியாகப் பிரித்துவிடாது, ஆனால் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஃபாண்ட், எழுத்துரு போன்ற இணைச்சொற்களை நீங்களே தொகுத்துக் கொடுக்க வேண்டும். பயனர்கள் எழுதிய சொற்களிலிருந்தே அந்தப் பட்டியலைத் திரட்டுங்கள், அகராதியிலிருந்து வேண்டாம்.

கேள்வி எதைப் பற்றியது என்று காட்டாத ‘அவசர உதவி தேவை’ போன்ற தலைப்புகளைப் பொறுப்பாளர்கள் தயங்காமல் மாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

செந்தூல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நான் நிரலர் அல்லன், பயன்படுத்துபவன். இத்தகைய உதவிப் பக்கம் ஒன்றில் நான் முதன்முதலாகக் கேட்ட கேள்விக்கு, ‘முன்பே விடை உண்டு, தேடவும்’ என்ற ஒற்றை வரிதான் கிடைத்தது. நான் அதற்கு முன் அரை மணி நேரம் கைப்பேசியில் தேடியிருந்தேன். அதன்பின் அங்கு எதையும் கேட்கவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) என் பழைய மாணவர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த விடை இன்று எங்கள் இருவரின் கைப்பேசியில் மட்டுமே இருக்கிறது, வேறெவருக்கும் பயன்படாமல். ஆகவே பழைய விடையைச் சுட்டும்போது அதன் இணைப்பையும் கொடுத்து, அதன் சாரத்தை இரண்டு வரிகளில் எழுதிவிடுங்கள். தலைப்பைத் தட்டும்போதே ஒத்த கேள்விகளைக் காட்டும் வசதி டிஸ்கோர்ஸ் போன்ற கருத்துக்கள மென்பொருள்களில் இருக்கிறது. அது உங்களிடமும் இருந்தால், கேட்பவர் எவரும் கடிந்துரைக்கு ஆளாக வேண்டியதில்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை:
ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எண்ணிப் பார்த்தோம்: நான் தட்டியது 6, பழைய பதிவில் இருந்தது 7. முதலில் தரவுத்தளத்தைப் படியெடுத்து வைத்துவிட்டு, அந்தப் படியில் இயல்பாக்கத்தைச் செய்து பார்க்கப் போகிறோம். அந்த ஆசிரியையிடம் பழைய விடையின் இணைப்பைக் கொடுத்து, வினாத்தாளை ஒருங்குறிக்கு மாற்றும் வழியையும் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவரையே எங்கள் அருகில் அமர்த்தி, நாங்கள் வாய் திறவாமல், அவர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளவிருக்கிறோம்.