சார்ல்ஸ் செஸ்நட் எழுதுவதை நிறுத்தினாரா, நிறுத்தவைத்தார்களா?

பழுப்புத்தாள்:
அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சார்ல்ஸ் செஸ்நட்டைப் (1858–1932) பற்றி யார் எழுதினாலும், வெள்ளையர் உலகம் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிவிட்டது என்றே முடிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கிளீவ்லாந்தில் நல்ல வருமானமுள்ள நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். வழக்கறிஞர் தேர்விலும் தேறியவர். 1899இல் தொழிலை மூடிவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். புத்தகங்கள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்றதும் சில ஆண்டுகளிலேயே பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டார். 1905க்குப் பிறகு அவர் உயிரோடிருந்தவரை புதிய நாவல் எதுவும் வெளிவரவில்லை. வசதியான வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். அதைத் தியாகக் கதையாக்க வேண்டாம்.

கரிசல்:
நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்த தகப்பன் சம்பாதிக்கப் போனது வசதிக்காகவா? எழுத்தாளன் பட்டினி கிடந்தால்தான் உண்மையானவன் என்று வயிறு நிறைந்த வாசகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

விற்காத புத்தகம் எது என்பதையும் சொல்லுங்கள். 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டனில், ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியைக் கவிழ்த்துக் கறுப்பின மக்களைக் கொன்றது. செஸ்நட் வளர்ந்த மாநிலம் அது. மூன்றே ஆண்டுகளில் 'தி மேரோ ஆஃப் டிரெடிஷன்' நாவலில் அதைப் பதிவு செய்தார். முன்பு அவருடைய சிறுகதைகளைக் கொண்டாடிய அமெரிக்க விமர்சகர் ஹோவெல்ஸ், இந்த நாவலைக் கசப்பானது என்றார். அடிமைகள் உழைத்த பழைய தோட்டங்களைப் பற்றி மாந்திரீகக் கதைகள் எழுதியவரை ரசித்தவர்களுக்கு, நேற்று நடந்த கொலையை எழுதியவரைப் பிடிக்கவில்லை.

பழுப்புத்தாள்:
அந்த மாந்திரீகக் கதைகளையும் மேலோட்டமாகப் படிக்காதீர்கள். அடிமை முறையின் கொடுமை முழுவதும் அவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. அந்தத் தந்திரத்தை நாவலில் கைவிட்டார். இறுதியில், கலவரத்தில் தன் மகனை இழந்த கறுப்பின மருத்துவரிடமே, சாகக்கிடக்கும் வெள்ளையர் குழந்தையைக் காப்பாற்றும்படி கெஞ்சுகிறார்கள். மேடை நாடகம்! விமர்சகர் முகம் சுளித்ததற்கெல்லாம் இனவெறியே காரணம் என்றால், கலையைப் பற்றிப் பேசவே முடியாது.

கரிசல்:
மேடை நாடகம் என்றால் கடைசியில் குழந்தை பிழைத்ததா இல்லையா என்று சொல்லித் திரையைப் போட்டிருப்பார்கள். மருத்துவரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதோடு செஸ்நட் விட்டுவிடுகிறார்.

நடுப்பக்கம்:
இடையில் ஒன்று. கிளீவ்லாந்தில் ரௌஃபன்ட் என்று புத்தகப் பிரியர்களின் சங்கம் ஒன்று உண்டு. 1902இல் செஸ்நட்டை உறுப்பினராக்க மறுத்தது, நிறம்தான் காரணம். 1904இல் அவர் 'பாக்ஸ்டர்ஸ் புரோக்ரஸ்டீஸ்' எழுதினார். கதையில் ஒரு புத்தகச் சங்கம், தன் உறுப்பினர் ஒருவரின் கவிதை நூலை ஆடம்பரமாகப் பதிப்பிக்கிறது. முத்திரையைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்று யாரும் திறப்பதில்லை. ஆனால் எல்லோரும் புகழ்கிறார்கள், ஏல விலையும் ஏறுகிறது. விருந்தாளியாக வந்த ஓர் ஆங்கிலேயர் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெற்றுத்தாள்! 1910இல் அதே சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கசப்பே இல்லாமல் இப்படிக் குத்தத் தெரிந்தவரைப் பணிந்துபோனவர் என்று எப்படிச் சொல்வது?

பழுப்புத்தாள்:
அருமையான கதை, மறுக்கவில்லை. இப்படி எழுத முடிந்தவர் ஏன் இதையே தொடரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கரிசல்:
தொடர்ந்தார். 1920களில் எழுதிய 'பால் மார்ஷாண்ட்', 'தி குவாரி' நாவல்கள் இரண்டையும் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அச்சேறியது 1998, 1999இல். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது.

பழுப்புத்தாள்:
'தி குவாரி'யைப் படித்திருக்கிறேன். பதிப்பாளர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

கரிசல்:
அது உங்கள் ரசனை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு, அவராகவே நிறுத்தினார் என்று மட்டும் எழுதாதீர்கள்.